நிற்குமிடம்

நகராமலே ஊர் ஊராகப் போவது எது? பாதை. இந்த விடுகதையைக் குழந்தைகளுக்கானது என்று ஒதுக்கிவிடுவது நம் வழக்கம். உண்மையில் இது ஓர் இலக்கணக் கேள்வி. பாதை போவதில்லை, அதன்மேல் நாம் போகிறோம். நம்முடைய வினை பாதையின் வினையாகிவிட்டது. இயங்காத பொருளையும் இயங்குவதுபோலச் சொல்லலாம் என்று நன்னூல் அனுமதிக்கிறது. விடுகதை ஒருபடி மேலே போய், அப்படியானால் போவது யார் என்று கேட்கிறது.

தொல்காப்பியத்துக் கிளவியாக்கம் இன்னொரு கேள்வியை எழுப்புகிறது. செலவு, வரவு, தரவு, கொடை என்று நான்கு. வரவும் தரவும் தன்மையையும் முன்னிலையையும் சென்று சேர்பவை. மற்ற இரண்டும் படர்க்கைக்கு உரியவை. தேர்வுக்கு மனப்பாடம் செய்து, பிறகு மறந்துபோகிற விதி இது. ஆனால் 'உன் வீட்டுக்கு வருகிறேன்', 'அவன் வீட்டுக்குப் போகிறேன்' என்று தவறாமல்தான் பேசுகிறோம். எடுத்துவைக்கும் அடி ஒன்றே. சேருமிடத்தில் இருப்பவர் கேட்பவரா, மூன்றாமவரா என்பதைப் பொறுத்து வினை மாறுகிறது. பேசுகிறவனும் கேட்கிறவனும் சேர்ந்து ஒரு வட்டம். அதற்குள் நுழைவது வரவு, அதை விட்டு நீங்குவது செலவு. தமிழ்நாட்டுப் பேச்சில் 'எனக்குக் குடு' என்பது சகஜமாகி, தா–கொடு வேறுபாடு தேய்ந்துவிட்டது. வா–போ அப்படித் தேயவில்லை. விடைபெறும்போது வெறுமனே 'போகிறேன்' என்று சொல்ல நாக்கு இன்றும் கூசுகிறது.

தனிமனிதனைப்போலவே ஒரு சமூகமும் தான் நின்ற இடத்தைச் சொல்லில் விட்டுவைக்கிறது. கீழ் – கிழக்கு, மேல் – மேற்கு. மேற்கு மலைகளிலிருந்து வங்கக் கடலுக்குச் சரியும் நிலத்தின் சொற்கள் இவை. மலைக்கு அந்தப்புறம், கேரளத்தில், உயரம் கிழக்கே இருக்கிறது, கடல் மேற்கே. ஆனாலும் மலையாளத்தில் கிழக்கு கிழக்குதான். தமது ஒப்பிலக்கணத்தில் (முதற்பதிப்பு 1856) கால்டுவெல் இதைச் சான்றாகக் காட்டி, இச்சொற்கள் மலைக்குக் கிழக்கே பிறந்தவை என்றார். நிலம் தலைகீழான பிறகும் சொல் பழைய இடத்திலேயே நிற்கிறது.

இதைக் கவிதைக்குப் பொருத்திப் பார்க்கலாம். 'நான்' என்ற சொல்லை எடுத்துவிட்டால் கவிதை புறவயமாகிவிடும் என்றொரு நம்பிக்கை புதுக்கவிதை எழுதுகிறவர்களிடம் உண்டு. 'தெருவில் ஒரு நாய் வந்தது' என்று எழுதும்போது 'நான்' எங்கும் போய்விடவில்லை, வினைக்குள் உட்கார்ந்திருக்கிறது. யாரை நோக்கி வந்தது? 'போனது' என்று எழுதியிருந்தால் பார்க்கிறவர் வேறு இடத்தில் நிற்கிறார். நம் கவிதைகள் பலவற்றில் இரண்டாம் வரியில் 'வருகிற' மழை, அதே திசையில் அதே வேகத்தில் ஆறாம் வரியில் 'செல்கிறது'. 'செல்கிறது' என்பதில் கொஞ்சம் இலக்கிய வாசனை இருக்கிறது என்பதைத் தவிர இதற்குக் காரணம் தெரியவில்லை. படிமம் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் வாசகனுக்கு நிற்க இடமில்லாமல் போகிறது. தெரிந்தே இடம் மாறுகிற கவிஞன் விஷயம் வேறு. ஒரு 'வா' 'போ'வாக மாறும் இடத்தில் அவனால் ஒரு பிரிவையே சொல்லிவிட முடியும்.

கவிதையைத் திருத்த உட்காரும்போது உவமைகளைக் கொஞ்சம் விட்டுவிட்டு வினைகளைப் பார்ப்பது நல்லது. போவது யார், சொல்கிறவர் எங்கே நிற்கிறார் என்ற இரண்டு கேள்விகளுக்கும் கவிதைக்குள்ளேயே பதில் இருக்கவேண்டும்.