பூமுகத்தின் 90 பூக்கள்

1956 நவம்பர் 1 வரைக்கும் எங்கள் பண்பொழி திருவிதாங்கூர் மண். செங்கோட்டைத் தாலுகாவோடு சேர்ந்து அன்றுதான் தமிழ்நாட்டுக்கு வந்தது. அதே நாளில் கல்குளமும் வந்தது. அங்கே உள்ள பத்மநாபபுரம் அரண்மனையின் பொறுப்பு மட்டும் கேரளத்திடமே இருந்துவிட்டது. என் ஆச்சி கடைசி வரைக்கும் சில்லறையைத் திருவிதாங்கூர்க் காசின் பெயரால் 'சக்கரம்' என்றுதான் சொன்னாள். தக்கலையில் இறங்கி அரண்மனையின் கோட்டை மதிலுக்குள் நுழையும்போதெல்லாம், பங்கு பிரிந்துபோன சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிற நினைப்பு எனக்கு.

வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட வேண்டும். அந்த அரண்மனையை முதலில் அறிவது பாதம்தான். வெளியே வெயில் கொளுத்த, உள்ளே கருப்புத் தரை குளத்துப் படிபோலக் குளிர்கிறது. சிரட்டைக்கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, பச்சிலைச் சாறு என்று அதன் சேர்மானத்தைச் சொல்கிறார்கள். குனிந்தால் நம் முகம் மங்கலாகத் தெரியும்.

சுற்றிக்காட்டிய பெரியவர் முகப்பு மண்டபமான பூமுகத்தில் எங்களை நிறுத்தினார். "எங்க இருந்து வாறீங்க?" என்றார். பண்பொழி என்றதும், "திருமலைக் குமாரசாமி ஊரா? இங்கேயும் வேளிமலையில குமாரசாமிதான்" என்று முகம் மலர்ந்தார். பிறகு மேலே கை காட்டினார்.

"எல்லாம் ஒண்ணுபோலத்தானே தெரியுது? நல்லா பாருங்க."

மர விதானம் முழுக்கப் பூக்கள். 90 பூ, ஒன்றுபோல ஒன்று இல்லை. முதலில் தாமரைக் கூட்டம் என்றுதான் கண்ணுக்குப் படும். கழுத்து வலிக்க நின்ற பிறகு தெரிகிறது: ஒன்றில் இதழ்கள் நுனி மடங்கிக் கிடக்கின்றன, பக்கத்தில் உள்ளது இப்போதுதான் கட்டவிழ்கிறது, மற்றொன்றில் இதழெல்லாம் ஒரே பக்கமாகச் சுழல்கிறது, காற்றாடி மாதிரி. ஒன்றைச் செதுக்கி முடித்த ஆசாரிக்கு அதையே திரும்பச் செய்வது எவ்வளவு லகுவாக இருந்திருக்கும்! கை பழகியிருக்கும், அளவு மனசில் இருக்கும். அந்த லகுவை 89 தடவை வேண்டாம் என்று தள்ளியிருக்கிறார். இதைவிடப் பெரிய கலைப்பெருமையை நான் கண்டதில்லை.

அங்கேயே தொங்குகிறது குதிரை விளக்கு. சங்கிலியை எந்தப் பக்கம் திருப்பி விட்டாலும் சாயாமல் நிலைத்து நிற்கும் என்றார். அதன் எடையைக் கணக்கிட்டவனையும் மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டேன்.

மாடியில் மந்திரசாலை. மைக்கா பதித்த சாளரங்கள் வழியே வெளிச்சம் வண்ணமாகக் கசிகிறது. அரசன் ஆலோசனை கேட்ட அறையில் வெயில்கூடக் குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் வருகிறது. கோபத்தோடு நுழைந்த மந்திரியும் இரண்டு நிமிஷத்தில் தணிந்திருப்பார் என்று எனக்குத் தோன்றியது.

மணிக்கூண்டு, அன்னதான ஊட்டுப்புரை, மூலிகை மரக்கட்டில் எல்லாம் பார்த்தோம். கட்டிலைச் சுற்றித்தான் கூட்டம் நெரியும். ஆனால் அரண்மனையின் மிகப் பழைய பகுதியான தாய்க் கொட்டாரத்துத் தூண் முன்னால் அவசரம் ஆகாது. ஒற்றைப் பலாமரம்; அடியிலிருந்து நுனி வரை பூவேலை. பெரியவர் டார்ச்சை நேராக அடிக்கவில்லை, பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தார். சட்டென்று ஒவ்வொரு இதழுக்கும் நிழல் பிறந்தது. தட்டையாக இருந்த மரம் மூச்சு விட்டு எழுந்த மாதிரி இருந்தது. வெளிச்சத்தை எந்தக் கோணத்தில் வைக்க வேண்டும் என்று தெரிந்த கை அது. அந்தக் கை இல்லாமல் இதே தூணை இதற்கு முன் இரண்டு முறை கடந்து போயிருக்கிறேன்.

பண்பொழிக்குத் திரும்பும்போது ராத்திரி ஆகிவிட்டது. எங்கள் பழைய வீட்டுப் பட்டாசாலை உத்தரத்தில் ஒரு பூ உண்டு. நாற்பது வருஷமாக அதன் அடியில்தான் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். ஸ்டூல் போட்டு ஏறி, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தேன். பன்னிரண்டு இதழ். ஒன்றின் ஓரத்தில் மட்டும் உளி கொஞ்சம் வழுக்கியிருந்தது. அதை அப்படியே விடாமல், சின்னதாக ஒரு மொட்டாக்கி வைத்திருந்தார் அந்த ஆசாரி.