ஒரே வாசல்: கோப்பைத் தொடும் மொழிகளின் நான்கு பாணிகள்

நிரல்மொழி ஒன்றுக்கு இன்டர்பிரட்டர் எழுதுகிறவர் கோப்பைப் பற்றி முதலில் அதிகம் யோசிப்பதில்லை. கோப்பைத் திறக்க வேண்டிய இடத்திலெல்லாம் சி மொழியின் எஃப்ஓபனை நேரே அழைத்துவிடுவார். வேலை நடக்கும். பிறகு ஒருநாள் யாரோ ஒருவர், நிரல் முழுவதையும் ஒரே ஜிப் கோப்பில் கட்டித் தரலாமா என்று கேட்பார். இன்னொருவருக்கு, தொலைவில் உள்ள கணினியின் கோப்பை இங்கிருந்தே திருத்த வேண்டியிருக்கும். வேறொருவர், முன்பின் தெரியாதவர் எழுதிய நிரலைத் தம் வட்டைத் தொடவிடாமல் ஓட்டப் பார்ப்பார். அப்போதுதான் நூறு இடங்களில் சிதறிக் கிடக்கும் எஃப்ஓபன்களைத் தேடும் படலம் தொடங்கும்.

அவற்றையெல்லாம் ஓர் அடுக்குக்குள் கூட்டி, அதன் வழியாக மட்டுமே வட்டுக்குப் போவது என்பதே கோப்பு அணுக்கத்தைப் பிரித்து வைக்கும் கலை. அந்த அடுக்கை எந்த இடத்தில் போடுவது என்பதில்தான் பாணிகள் பிரிகின்றன.

பெயரைப் பிடித்த பாணி

இதில் மூத்தது லிஸ்ப் வழி. 1994-இல் வெளியான காமன் லிஸ்ப் தரநிலையில் கோப்பின் பாதை வெறும் எழுத்துச் சரம் அல்ல. கணினி, சாதனம், கோப்புறை, பெயர், வகை, பதிப்பு என்று ஆறு உறுப்புகள் கொண்ட பொருள் அது. கணினிக்குக் கணினி பாதை எழுதும் முறை மாறுபட்ட காலத்தின் தேவை அப்படி. ஆனால் அங்கே மாறுவது பெயர்தான். பெயர்த்த பெயர் கடைசியில் ஒரு நிஜக் கோப்பில் போய் நிற்கும்.

ஈமாக்ஸ் லிஸ்ப் ஒரு படி மேலே போனது. பெயரின் வடிவம் ஒருபுறம், அதைக் கவனிக்கும் செயற்கூறு மறுபுறமாக ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. பெயர் பொருந்தினால் திறப்பது முதல் அழிப்பது வரை எல்லாம் அந்தச் செயற்கூற்றின் பொறுப்பு. டிராம்ப் என்னும் தொகுப்பு தொலைக்கணினிக் கோப்பை உள்ளூர்க் கோப்புபோலத் திறந்து தருவது இதனால்தான். ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது. வெளி நிரலை ஓட்ட பிராசஸ்-ஃபைல் என்று எழுதாமல் பழக்கதோஷத்தில் கால்-பிராசஸ் என்று எழுதிவிட்டால், நிரல் உள்ளூர்க் கணினியில் ஓடும்.

முன்னொட்டுப் பாணி

பிஎச்பி இதை எளிமையாக்கியது. 4.3 பதிப்புக் காலத்திலிருந்து, திறப்பது, படிப்பது, விவரம் கேட்பது ஆகியவற்றுக்கு மெத்தடுகள் கொண்ட ஒரு கிளாஸை எழுதி, அதற்கு ஒரு முன்னொட்டைப் பதிவு செய்தால் போதும். வழக்கமான கோப்புக் கட்டளைகள் பெரும்பாலும் அதற்குக் கட்டுப்படும். வட்டைத் தொடாமல் நினைவகத்திலேயே சோதனை நடத்துவோர் இதைக் கொண்டாடுகிறார்கள்.

எளிமைக்கு விலையும் இருந்தது. எந்த வாசல் திறக்கும் என்பதை ஒரு சரம் தீர்மானிக்கிறது. அந்தச் சரம் பல தளங்களில் பயனரிடமிருந்தே வந்தது. எங்கோ கிடந்த நிரல் இன்க்ளூட் வழியாக உள்ளே வந்து ஓடியது. 5.2 பதிப்பில் இதற்குத் தனித் தடை வந்தது. பிஎச்பி நிரல்களைக் கட்டித் தரும் ஃபார் கோப்புகளின் கதை இன்னும் நுட்பமானது. கோப்பு இருக்கிறதா என்று கேட்டாலே போதும், அதனுள் பொதிந்த தரவு பொருளாக உயிர்பெற்றுவிடும். 2018-இல் இதைத் தாக்குதலுக்குப் பயன்படுத்திக் காட்டினார்கள். 8.0 பதிப்பில்தான் அந்தப் பழக்கம் நின்றது.

ஏற்றி வைக்கும் பாணி

முழுமையில் டிசிஎல் மொழிக்கே முதலிடம் தருவேன். வின்ஸ் டார்லியின் முன்மொழிவின்படி 2002-இல் 8.4 பதிப்பில் கோப்பு வேலை முழுவதும் ஒரே செயற்கூற்று அட்டவணைக்குள் வந்தது. ஜிப் கோப்பு ஒன்றை ஒரு கோப்புறையாக ஏற்றி வைத்துவிட்டால், நிரலைப் படிப்பது, தரவைத் திறப்பது, பட்டியல் எடுப்பது எல்லாம் அதே வழியில் போகும். இயங்குதளம் நிஜக் கோப்பைத்தான் கேட்பேன் என்று அடம்பிடிக்கும் இடம் ஒன்று உண்டு: சி மொழியில் தொகுத்த நூலகத்தை ஏற்றுவது. அங்கும் டிசிஎல் தற்காலிக நகல் எடுத்துச் சமாளிக்கிறது.

பைத்தான் பாதி வழி வந்தது. 2003-இல் 2.3 பதிப்பு இம்போர்ட்டுக்கு மட்டும் வாசல் வைத்தது. ஓபன் பழையபடி நேரே வட்டுக்குப் போனது. ஜிப்புக்குள் இருந்த நிரல் ஓடும். பக்கத்திலேயே இருந்த படக்கோப்பு ஓபனுக்குக் கிடைக்காது. அந்தக் குறையைத் தீர்ப்பதற்கான தனி நூலகம் 2018-இல் 3.7 பதிப்போடு மொழிக்குள் வந்தது.

கையில் கொடுக்கும் பாணி

ரியோ டி ஜெனிரோவில் 1993-இல் பிறந்த லூவா, கோப்பு வசதியைத் தனி நூலகமாக வைத்தது. அதைக் கொடுப்பதா வேண்டாமா என்பதை லூவாவைத் தன்னுள் பொதிந்துகொள்ளும் நிரல் முடிவு செய்யும். நல்ல ஏற்பாடு. ஆனால் ஐஓ நூலகத்தை எடுத்துவிட்டேன் என்று நிம்மதியாக இருப்பவர் ஏமாறுவார். டூஃபைல், லோட்ஃபைல் இரண்டும் அடிப்படை நூலகத்தில் குடியிருக்கின்றன.

வெப்அசெம்பிளி நிரல்களுக்காக 2019-இல் அறிவிக்கப்பட்ட வாஸி தரநிலை இந்தப் பாணியின் கறாரான வடிவம். ஓட்டுபவர் திறந்து கையில் கொடுத்த கோப்புறைகள் மட்டுமே நிரலின் உலகம். இரண்டு புள்ளி போட்டு மேலே ஏறி அதைவிட்டு வெளியே போக முடியாது. வாஸியில் ஓடும் பைத்தானுக்கு அதன் சொந்த நூலகக் கோப்புறையைக்கூட யாராவது எடுத்துத் தர வேண்டும்.

உரைகல்

எத்தனை வகைச் சேமிப்பை ஆதரிக்கிறது என்று கணக்கெடுத்து ஒரு பாணியின் தரத்தை அளக்கக் கூடாது. கேட்க வேண்டியவை மூன்று. தரவைத் திறக்கும் வாசலும் நிரலை ஏற்றும் வாசலும் ஒன்றா? வெளி நிரலும் தொகுத்த நூலகமும் கேட்கும்போது அடுக்கு என்ன செய்கிறது? பெயரைத் தெரிந்துகொண்டாலே அதிகாரம் கிடைத்துவிடுமா? முதலாவதற்கும், தொகுத்த நூலகத்தைப் பொறுத்தவரை இரண்டாவதற்கும் டிசிஎல்லும், மூன்றாவதற்கு வாஸியும் நல்ல விடை சொல்கின்றன.

புதிதாக மொழி எழுதும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் மூலநிரலில் எஃப்ஓபன் என்று இன்றே தேடிப் பாருங்கள். ஒரே கோப்பில் மட்டும் அகப்பட்டால் வாசல் ஒன்றுதான். இரண்டாவது இடத்தில் அகப்பட்டால், இன்னொரு அம்சம் சேர்ப்பதற்கு முன் அதை அடைத்துவிடுங்கள்.