முயல் மூத்திரத்தின் மகிமை

முயல் வளர்ப்பதில் எனக்கு ரொம்பப் பிடித்த வேலை எது தெரியுமா? காலையில் கூண்டுத் தட்டை வெளியே இழுத்துப் பார்ப்பதுதான்! குட்டிகள் என்ன தின்றன, தண்ணீர் ஒழுங்காகக் குடித்தனவா, எந்தக் குட்டி பருவத்துக்கு வந்திருக்கிறது என்று எல்லாம் அதிலேயே தெரிந்துவிடும்.

கொடும்பாளூர் மூவர் கோயிலைப் பார்க்க வரும் சொந்தக்காரர்களை என் முயல்களைக் காட்டாமல் அனுப்பவே மாட்டேன். தட்டைப் பார்த்ததும் யாராவது ஒருவர், "ஐயையோ, ரத்தமா போகுதே!" என்று பதறுவார். எனக்குப் பேச்சு பிறப்பதே அங்கேதான்.

பச்சைக் குட்டியின் மூத்திரம் தெளிவாக இருக்கும். கால்சியத்தை வளரும் எலும்பே எடுத்துக்கொள்வதால் மிச்சம் அதிகம் வராது. வளர வளர அது கலங்கி, வெள்ளை பூக்கும். பெரும்பாலான பிராணிகளின் குடல் தேவைக்கு ஏற்பத்தான் கால்சியத்தை உறிஞ்சும். முயலின் குடலோ கிடைத்ததில் பெரும்பகுதியை உள்ளே இழுத்துக்கொள்ளும். மிஞ்சியதைச் சிறுநீரகம் வெளியேற்றும். எத்தனை அழகான ஏற்பாடு! அகத்தியும் முருங்கைக் கீரையும் அதிகம் போட்டால், தட்டில் சுண்ணாம்பு படிந்துவிடும். வினிகர் ஊற்றினால் அது கரைந்து போகும்.

சில நாள் மஞ்சள், சில நாள் ஆரஞ்சு, சில நாள் செங்கல் சிவப்பு. தின்ற தழையைப் பொறுத்தும், உடம்பில் ஊறும் நிறமிகளாலும் இப்படி மாறுகிறது. காற்றுப்பட்டால் இன்னும் சிவக்கும். முயல் துள்ளித் திரிந்து, நன்றாகத் தின்றால் பயமே வேண்டாம். முக்கி முக்கிச் சொட்டுச் சொட்டாகப் போனாலோ, கட்டி கட்டியாக ரத்தம் தெரிந்தாலோ, பசைபோல வந்தாலோ, பின்பக்கம் எப்போதும் நனைந்திருந்தாலோ உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். ரத்தமா நிறமியா என்பதை ஒரு சோதனைப் பட்டையை நனைத்தே அவர் சொல்லிவிடுவார்.

அடுத்தது பீய்ச்சல்! மூன்றரை மாதத்திலிருந்து ஐந்து மாதத்துக்குள் ஆண்குட்டி நம் காலைச் சுற்றிச் சுற்றி வந்து, மெல்ல முனகி, ஒரு துள்ளலில் சர்ரென்று அடிக்கும். "இது என் இடம், நீ என் ஆள்" என்று சொல்கிறது! பெட்டைகளும் சில சமயம் அடிக்கும். மன்னவனூர் ஆராய்ச்சி மையத்தில் வளர்க்கும் சோவியத் சின்சில்லாவோ ஒயிட் ஜெயன்டோ, எந்த இனமானாலும் சங்கதி ஒன்றுதான். முயலில் அனுபவமுள்ள மருத்துவரிடம் கருத்தடை செய்தால், சில வாரங்களில் இந்தப் பழக்கம் பெரும்பாலும் அடங்கிவிடும். பெட்டைகளுக்குக் கர்ப்பப்பைப் புற்றுநோய் வராமலும் அது காக்கும்.

மூலையில் ஒரு தட்டு வைத்து, செய்தித்தாள் விரித்து, மேலே காய்ந்த புல்லைப் போடுங்கள். மூத்திரம் நனைத்த ஒரு துண்டுத் தாளையும் அதிலேயே விடுங்கள். தின்றுகொண்டே அங்கேயே போகப் பழகிவிடும். முயலுக்குச் சுத்தம் அவ்வளவு பிடிக்கும்! இந்த வெயிலில் தண்ணீர் மட்டும் ஒரு வேளைகூடத் தீர்ந்துவிடக் கூடாது.

குட்டி வாங்கியவர்களே, சிவப்பைக் கண்டு பயந்து யாரிடமாவது தள்ளிவிடாதீர்கள், பீய்ச்சியதற்காக அடிக்காதீர்கள். தினமும் தட்டைப் பாருங்கள். உங்கள் முயலைப் புரிந்துகொள்ள அதைவிடச் சுலபமான வழி வேறில்லை!