முதுமாணிப் பட்டமும் ஆற்றுப்படுத்தலும்: டிக்கோயாவை முன்னிறுத்திய ஒரு நோக்கு

உளவியலில் பட்டமும் அதன்மேற் பட்டப்பின்படிப்பும் முடித்து, உளவளத்துணையாளராகத் தான் பிறந்த தோட்டத்துக்கே திரும்புதல் என்பது மலையக மாணவரிடையே மதிப்புப் பெற்றுவரும் ஒரு விருப்பமாகும். விருப்பம் நல்லது. ஆயின் அதன் அடியிலே ஓர் எடுகோள் ஆராயப்படாமற் கிடக்கின்றது. கலைமாணி, அதன்மேல் முதுமாணி, அதன்மேல் உளவளத்துணைப் பணி என்று ஒரே ஏணியின் படிகள் போல இவை எண்ணப்படுகின்றன. படிகள் ஒரே ஏணியைச் சேர்ந்தனவா என்பதே வினா. டிக்கோயாவிலோ நோர்வூட்டிலோ ஒரு லயத்து வாசலில் அவ்வேணி சென்று முடிகின்றதா என்பது அதனினும் பெரிய வினா.

முதலில் இரண்டு துறைகளைப் பிரித்து நோக்குதல் வேண்டும. உளவியல் மனித நடத்தையையும் உள நிகழ்வுகளையும் பற்றிய ஓர் அறிவியல். நமது பல்கலைக்கழகங்களில் அது நெடுங்காலம் மெய்யியலின் அரவணைப்பிலும் கல்வியியலின் அரவணைப்பிலும் வளர்ந்தது. உளவளத்துணையோ ஒரு தொழிற்கலை. முன்னது நூலகத்திலும் ஆய்வுகூடத்திலும் கற்கப்படுவது. பின்னது இன்னொரு மனிதரின் முன்னால் அமர்ந்து, தன்னினும் அனுபவமிக்க ஒருவரின் கண்காணிப்பிற் கற்கப்படுவது. ஐக்கிய அமெரிக்காவில் உளவளத்துணையாளருக்கு முதன்முதலில் உரிமம் வழங்கும் சட்டம் இயற்றிய மாநிலம் வேர்ஜினியா, ஆண்டு 1976. இன்று அந்நாட்டின் மாநிலங்கள் முதுமாணிப் பட்டத்தோடு அமைவதில்லை. பட்டம் பெற்ற பின்னர் மேற்பார்வையின் கீழ் 2000, 3000 மணித்தியாலங்கள் பணியாற்றியிருத்தலும் பலவிடங்களில் கட்டாயமாகும். அங்கு பட்டம் வாயிலே ஒழிய வீடன்று.

இலங்கையிலே பாதைகள் கலந்து கிடக்கின்றன. பிரதேச செயலகங்களில் உளவளத்துணைக்கென அமர்த்தப்பட்ட உத்தியோகத்தர் உளர். தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகம் உளவளத்துணையில் டிப்ளோமா நடத்துகின்றது. கொழும்புப் பல்கலைக்கழகம் சிகிச்சை உளவியலில் முதுதத்துவமாணிக் கற்கையைத் தந்துள்ளது. பாடசாலைகளில் 'வழிகாட்டலும் ஆலோசனையும்' என்ற பெயரில் ஆசிரியர் சிலர் இப்பணியைக் கூடுதற் சுமையாகச் சுமக்கின்றனர். இவற்றுள் மிக உயர்ந்ததெனக் கருதப்படும் பட்டப்பின்படிப்பைப் பெற்றவர் மிகச் சிறந்த துணையாளராவார் என்று முடிவு கட்டுவது எளிது. அம்முடிவை மறுத்தவர் இத்தொழிலின் தந்தையருள் ஒருவரே என்பது பலரும் கவனியாத செய்தி.

கார்ல் றொஜர்ஸ் கலாநிதிப் பட்டம் பெற்றவர், பேராசிரியராயிருந்தவர். எனினும் றொச்செஸ்ரர் நகரிலே அல்லலுற்ற சிறார்களுடனும் அவர்தம் பெற்றோருடனும் ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் பணியாற்றிய பின்னரே அவர் தமது கொள்கையை வகுத்தார். 1957இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில் உள மாற்றத்துக்கு இன்றியமையாத நிபந்தனைகள் ஆறினை அவர் எடுத்துரைத்தார். ஒத்துணர்வு, நிபந்தனையற்ற மதிப்பு, உள்ளும் புறமும் ஒத்திருத்தல் முதலியன அவற்றுள் அடங்கும். சிறப்பான புலமை அறிவு எதுவும் அந்நிபந்தனைகளுள் இடம்பெறவில்லை. இடம்பெறாமையை அவரே வெளிப்படையாகச் சுட்டிக்காட்டவுஞ் செய்தார். நமது விரிவுரைக் குறிப்புகளில் ஆறு நிபந்தனைகளும் தவறாது இடம்பெறுகின்றன. இச்சுட்டு மட்டும் எங்கோ நழுவிவிடுகின்றது. (அனுதாபத்துக்கும் ஒத்துணர்வுக்குமுள்ள வேறுபாட்டை விடைத்தாளில் எழுதிப் புள்ளி பெறுவது கடினமன்று. மூன்று நாளாகப் பேசாதிருக்கும் ஒரு தாயின் முன்னால் அரை மணித்தியாலம் வாய்திறவாது இருப்பதே கடினம்.)

இப்பணியைக் குறிக்கத் தமிழில் வழங்கும் சொற்களை நோக்கின் சிக்கல் மேலும் தெளிவுறும். 'ஆலோசனை' என்பது பழகிய சொல். ஆனால் அது சொல்பவனை உயரத்திலும் கேட்பவனைத் தாழ்விலும் நிறுத்திவிடுகின்றது. தோட்டத்து மனிதருக்கு ஆலோசனைக்குக் குறைவே இல்லை. துரை சொன்னார், கணக்கப்பிள்ளை சொன்னார், தலைவர் சொன்னார், இப்பொழுது உளவளத்துணையாளரும் சொல்ல வருகின்றார் என்றாகும். 'சீர்மியம்' என்ற சொல் யாழ்ப்பாணத்துக் கல்வியியலாளர் வழக்கிலே காணப்படுவது; சீர்செய்யவேண்டிய பழுது ஒன்று மனிதருள் இருப்பதாக அது எண்ணவைக்கின்றது. 'உளவளத்துணை' அரச வழக்கு. 'துணை' என்ற ஈறு அதன் சிறப்பு. உதவி தேடி வருபவரைத் 'துணைநாடி' என்றழைப்பதும் அதிலிருந்து பிறந்த நல்ல ஆக்கமே.

நான்காவது சொல் 'ஆற்றுப்படுத்தல்'. இதனை ஆக்கியவர் அல்லது எடுத்தாண்டவர் எண்ணியதினும் இச்சொல் ஆழமானது. ஆற்றுப்படையின் இலக்கணத்தைத் தொல்காப்பியம் புறத்திணையியலிற் கூறுகின்றது. வளம் பெற்று மீளும் கலைஞன் ஒருவன் அதனைப் பெறாத இன்னொருவனை வழியிற் காண்கின்றான். தான் பெற்றதை எடுத்துரைத்து அவனையும் அவ்வழியிற் செலுத்துகின்றான். இங்கு வழிகாட்டுபவன் அறிஞனல்லன், அரசனல்லன், அறவோனுமல்லன். நேற்றுவரை பசித்திருந்த பாணனே இன்று வழி சொல்கின்றான். மலைபடுகடாத்திலே அவ்வழி மலைவழி. எங்கே பாறை வழுக்கும், எங்கே பாம்பு உறையும், தினைப்புனங் காப்போர் விலங்குகளை விரட்ட எறியும் கவண்கல் எப்பக்கமிருந்து வரும் என்பனவெல்லாம் அங்கு கூறப்படுகின்றன. நடந்தவனுக்கே தெரியக்கூடிய செய்திகள் அவை. ஆற்றுப்படுத்தலின் உரிமை கல்வியினால் வருவதன்று. வழியை அறிந்திருத்தலால் வருவது.

இவ்வளவையைக் கொண்டு நோக்கினால் பட்டப்பின்படிப்பின் முதற் குறை வெளிப்படும். அது மாணவனை வழியிலிருந்து அகற்றுகின்றது. டிக்கோயாத் தோட்டமொன்றிலே பிறந்த மாணவி தமிழ்மொழி மூலம் உயர்தரம் வரை கற்கின்றாள். பல்கலைக்கழகத்திலே ஆங்கிலம் அவளைத் தடுக்கின்றது. தடையைப் பெருமுயற்சியாற் கடக்கின்றாள். பட்டப்பின்படிப்பில் நூல், விரிவுரை, ஆய்வேடு யாவும் ஆங்கிலம். முடிவில் மனச்சோர்வின் அறிகுறிகளை ஆங்கிலத்திற் சரளமாக அடுக்க அவளால் இயலும். தன் பாட்டி 'மனசு பாரமா இருக்கு' என்று சொல்லும்போது அதற்குள் எதை எதையெல்லாம் சொல்கின்றாள் என்பதைப் பற்றி ஒரு பக்கமேனும் எழுதும் வாய்ப்பு அவளுக்குக் கிட்டியிராது.

சொல் சிறிது, பொருள் பெரிது. 'நெஞ்சு அடைக்குது', 'தலை சுத்துது', 'ஒடம்புல சத்தே இல்ல' என்று உடலின் மொழியிலே துன்பம் பேசப்படுவதை, உளத்துயரைச் சொல்லத் தெரியாமையின் விளைவு என்று எண்ணுவோர் உளர். தமிழ் மாணவர் இதை ஏற்க வேண்டியதில்லை. உள்ளத்து உணர்வு மெய்யின்கண் புலப்படுதலை மெய்ப்பாடு எனப் பெயரிட்டு அதற்கென ஓர் இயலையே வகுத்த மரபு தமிழ் மரபு. அழுகை பிறக்கும் நிலைக்களன்களாகத் தொல்காப்பியர் நான்கினைக் கூறுவர்: இகழப்படுதல், இழத்தல், முன்னைய நிலையிலிருந்து தாழ்தல், வறுமை. நான்காவதைக் கவனிக்க. வறுமை இங்கு பின்னணியன்று, அழுகையின் நேர்க்காரணம். மேலைநாட்டு நோய்வகைப்பாட்டு நூல்கள் சோகத்தின் அறிகுறிகளை நுணுகி எண்ணும். அதன் காரணத்தை இத்துணைத் துணிவோடு பெயரிடுவதில்லை.

பேராதனையிற் கற்பித்தவரும் பின்னர் பிரின்ஸ்ரன் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராயிருந்தவருமான கணநாத் ஒபயசேகர, மனச்சோர்வு பற்றிய மேலைநாட்டு வரையறையை இலங்கைப் பௌத்தரிடையே அப்படியே பொருத்துவதை 1985இல் வெளியான கட்டுரையொன்றிலே வினாவுக்குட்படுத்தினார். நோய் எனப் பெயரிடப்படும் உணர்வு ஒரு பண்பாட்டில் வாழ்க்கை நோக்காகவும் அமையலாம் என்பது அவர் வாதம். வாதம் முழுவதையும் ஏற்க வேண்டியதில்லை. மருந்து தேவைப்படும் நோயைத் தத்துவமென்று விட்டுவிடும் ஆபத்து அதில் உண்டு. ஆனால் அதே கேள்வியைத் தோட்டத் தமிழரை வைத்துக் கேட்கும் பொறுப்பு இத்தீவின் தமிழ் மாணவருடையது. வடக்கிலே போரின் உளக்காயங்களைப் பற்றி உளமருத்துவர் தயா சோமசுந்தரம் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினார். சாந்தியகம் உளவளத்துணையாளரைத் தமிழிலேயே பயிற்றியது. மலைநாட்டின் துயர் போரின் துயர்போல வெடித்து ஒலிப்பதன்று. ஒலியாத துயருக்கு நூலும் குறைவு.

சிம்பாப்வேயிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு இங்கு பொருந்தும். 2006 அளவில் அந்நாட்டு உளமருத்துவர் டிக்சன் சிபாண்டா, சுகாதார நிலைய வளவுகளில் மரவாங்கு இட்டு, பயிற்றப்பட்ட ஊர்ப் பாட்டிமாரைத் துணையாளராக அமர்த்தினார். மனச்சோர்வு என்ற சொல்லை அவர்கள் ஆளவில்லை. 'மிகுதியாக யோசித்தல்' என்னும் பொருளுடைய தம் சோனா மொழிச் சொல்லையே ஆண்டனர். 'கண்டதையும் யோசிக்காதே' என்று சொல்லும் நம் பாட்டிமார்க்கு இது புதிதன்று. 2016இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வு, வழமையான பராமரிப்பினும் இம்முறையின் பயன் மிகுதி எனக் காட்டியது. கோவாவிலே விக்ரம் பட்டேலும் அவர்தம் குழுவினரும், பட்டமற்ற துணையாளர் முறையான பயிற்சியோடும் மேற்பார்வையோடும் கடுமையான மனச்சோர்வுக்கும் உதவ இயலும் என 2017இல் நிறுவினர். பட்டம் வேண்டாம் என்பதன்று இவற்றின் பொருள். பாட்டிமாருக்குப் பின்னால் பயிற்சி கொடுக்கவும் தவறு திருத்தவும் கற்றவர் இருந்தனர். முதுமாணியின் உண்மையான இடம் அதுவாகலாம்: நேரே ஆற்றுப்படுத்துவது மட்டுமன்று, ஆற்றுப்படுத்துவோரைப் பயிற்றுவதும் காப்பதும்.

இவ்விடத்து ஒரு மிகைப்படுத்தலைத் தவிர்த்தல் வேண்டும். 'நம்மவரே நம்மவர்க்குத் துணை' என்பது கேட்க இனிது; லயத்திலே அது நெருடும். லயத்தின் இடைச்சுவர் மெல்லியது; ஒரு காம்பராவின் சண்டை அடுத்த காம்பராவின் செய்தி. காலையிற் பிரட்டுக்களத்திலும் பகலிற் கொழுந்து நிறுக்கும் இடத்திலும் அச்செய்தி உலவும். அதே லயத்துப் பெண் துணையாளராக அமர்ந்தால், குடிக்கும் கணவனைப் பற்றி அவளிடம் வாய்திறக்க எவள் துணிவாள்? இரகசியம் பேணல் என்று பாடநூல் ஒரு வரியிற் சொல்லும் நெறி, தனியறை உள்ளதெனக் கொண்டு வகுக்கப்பட்டது. அன்றியும் துணை நாடி வருவதற்கு ஒரு நாள் வேண்டும். நாட்கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர் விழும் வாழ்க்கையில், வாரத்துக்கொரு மணித்தியாலம் என்ற முறைமை யாருடைய நாட்காட்டியை மனத்திற்கொண்டது? முன்னர் கோடாங்கியிடம் குறி கேட்கச் சென்றவர் இரவிற் சென்றனர், உறவினர் உடன்சென்றனர், செலவு இருந்தது, ஆயினும் பேர் போகவில்லை. கோடாங்கி சொன்னது சரியென்பதன்று கருத்து. மக்களின் நேரமும் கூட்டமும் அவருக்குத் தெரிந்திருந்தன.

இனி மிகக் கசப்பான கேள்வி. பாணனை ஆற்றுப்படுத்தியவன் அவனை ஒரு வள்ளலிடம் அனுப்பினான். தோட்டத்துத் துணையாளர் துணைநாடியை யாரிடம் அனுப்புவார்? கடனும் காணியின்மையும் மதுவும் நெருக்கும் ஒருவரின் உள்ளத்தை மட்டும் வலுப்படுத்துவது, நெருக்குதலைப் பொறுத்துக்கொள்ளப் பழக்குவதாகிவிடாதா? இவ்வையம் வெறும் வாதமன்று. இலங்கையிலே தற்கொலை வீதம் 1995இல் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 என்னும் உச்சத்தைத் தொட்டது. இரு பதிற்றாண்டுகளில் அதன் மூன்றிலொரு பங்களவுக்கு இறங்கியது. இறக்கத்தின் முதன்மைக் காரணமாக ஆய்வாளர் காட்டுவது கொடிய பூச்சிகொல்லிகளும் களைகொல்லிகளும் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டமையை. ஒரு வர்த்தமானி அறிவித்தல் ஆயிரக்கணக்கான உயிர்களைக் காத்தது. உளவியல் மாணவர் றொஜர்ஸை அறிந்த அளவுக்கேனும் இதனை அறிதல் வேண்டும்.

அதனால் உளவளத்துணை வீண் என்று முடித்துவிடுவாரும் உளர். அது பிழையான முடிவு. நஞ்சைத் தடைசெய்யும் சட்டம் மரணத்தைத் தடுத்தது. மரணத்தை நாடவைத்த துயரை அது தொடவில்லை. கூலி உயர்ந்தாலும் பிள்ளையை இழந்த தாயின் துயர் உயர்வுக்கு ஏற்பக் குறையாது. பரீட்சையிற் தோற்று லயத்துக்கே திரும்பிய இளைஞனின் நாணம், கொழும்பில் வீட்டுவேலைக்கு அனுப்பப்பட்ட சிறுமி மீண்டபின் பேசாதிருக்கும் மௌனம் ஆகியவற்றின் எதிரே யாரேனும் அமர்ந்தே ஆகவேண்டும். அமர்பவர், எது உள்ளத்தின் நோய், எது கூலியின் நோய் என்று பிரித்தறிபவராகவும், பின்னதைச் சங்கத்துக்கும் செயலகத்துக்கும் எடுத்துச் செல்லத் தயங்காதவராகவும் இருத்தல் வேண்டும். இந்தப் பகுத்தறிதலுக்குக் கல்வி தேவை. ஆழ்ந்த கல்வியே தேவை. பட்டப்பின்படிப்பின் மீதான குறை அது மிகுதி என்பதன்று. மிகுதியாக வேண்டிய இடத்தில் அது குறைவு என்பதே.

றொஜர்ஸ் 1942இல் வெளியிட்ட நூலிலே துணைநாடி ஒருவருடன் நிகழ்ந்த உரையாடல்கள் முழுவதையும் ஒலிப்பதிவிலிருந்து எழுத்தாக்கித் தந்தார். மாணவர் கற்றது அவற்றிலிருந்து: எங்கே துணையாளர் அவசரப்பட்டார், எங்கே மௌனம் பயன் தந்தது என்று வரி வரியாக. தோட்டத் தமிழிலே, உரியவரின் இசைவோடும் அடையாளம் மறைத்தும், அத்தகைய ஒரு தொகுதி உருவாக்கப்படல் வேண்டும். டிக்கோயாவில் இந்திய உதவியுடன் எழுப்பப்பட்டு 2017 மே 12இல் திறந்துவைக்கப்பட்ட 150 படுக்கை வைத்தியசாலைக் கட்டடம் இருக்கின்றது. பத்தனையிலே ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி இருக்கின்றது. பேராதனைக்கும் டிக்கோயாவுக்கும் இடையே ஒரு காலைப்பொழுதின் பயணமே இருக்கின்றது. உளவியல் முதுமாணி மாணவர் தம் மேற்பார்வைப் பயிற்சியின் ஒரு தவணையை அங்கு, தமிழில், மாலை நேரத்திற் கழிக்கவேண்டும் என்று விதிப்பதற்குப் புதிய கட்டடமோ புதிய பீடமோ வேண்டியதில்லை. ஆய்வேட்டைத் தமிழிலும் எழுதலாம் என்ற ஒரு வரியைப் பாடத்திட்டத்திற் சேர்த்தால், பாட்டியின் 'மனசு பாரம்' அதன் முதலாம் அத்தியாயமாகலாம்.