கன்னியர் மடத்துக் கோவிலும் பெலிக்கன் பறவையும்: கலைப்பொருள் விளக்கத்தில் ஒரு மொழிபெயர்ப்புச் சிக்கல்

பழைய கோவாவிலுள்ள புனித மோனிக்கா கன்னியர் மடம், பேராயர் அலெய்ஷோ த மெனேசிஸின் முயற்சியால் 1606இல் தொடங்கப்பெற்று 1627இல் நிறைவுற்றது. 1636இல் தீக்கிரையாகிப் பின்னர் மீண்டும் எழுப்பப்பட்டது. 1834இல் போர்ச்சுகல் அரசு துறவற சபைகளை ஒழித்தது. அதன்பின் இம்மடத்தில் புதியவர்கள் சேர வழியில்லாது போயிற்று. கடைசிக் கன்னியர் 1885இல் மறைந்தார். தில்லியைத் தலைமையிடமாகக் கொண்ட இன்டாக் அமைப்பின் துணையுடன் 1994இல் இராச்சோல் குருமடத்தில் நிறுவப்பட்ட கிறித்தவக் கலை அருங்காட்சியகம், 2002இல் இவ்வளாகத்திற்கு மாற்றப்பட்டது.

வழிபாட்டுப் பொருள் காட்சிப் பொருளாகும்போது அதற்கு விளக்கக் குறிப்பு தேவைப்படுகிறது. மொழிபெயர்ப்பாளரின் பொறுப்பு அங்கே தொடங்குகிறது. இடத்தின் பெயரே முதற் சோதனையாகும். 'கன்னிமாடம்' என்பது அரசகுலப் பெண்டிரின் உறைவிடத்தைக் குறித்து வந்த சொல்; துறவு என்னும் பொருள் அதில் இல்லை. 'கன்னியர் மடம்' என்னும் கத்தோலிக்க வழக்கோ துறவையும் கூட்டு வாழ்வையும் ஒருங்கே உணர்த்துகிறது. ஓரெழுத்து நீளினும் பொருள் திரிந்துவிடும்.

இதனினும் நுட்பமான சிக்கலை இங்குள்ள வெள்ளிக் கலைப்பொருள் ஒன்று எழுப்புகிறது. நற்கருணைப் பேழையும் கதிர்ப்பாத்திரமும் இணைந்த அப்பொருளில் பெலிக்கன் பறவை இடம்பெறுகிறது. தன் மார்பைக் கொத்திக் குருதியால் குஞ்சுகளைக் காக்கும் பறவையாகப் பெலிக்கனைக் கருதுவது இடைக்கால ஐரோப்பிய மரபு. அது கிறித்துவின் தியாகத்திற்குக் குறியீடாயிற்று. தாமஸ் அக்வினாஸின் பெயரால் வழங்கும் நற்கருணைப் பாடலிலும் இவ்வுருவகம் உண்டு.

இப்பறவையைத் தமிழில் எவ்வாறு சுட்டுவது? உருவ ஒப்புமை கருதி 'அன்னம்' எனலாம் என்று தோன்றும். ஆனால் ஐரோப்பியக் கலையிலேயே இப்பறவை பெரும்பாலும் இயற்கையான பெலிக்கனை ஒத்திருப்பதில்லை. வளைந்த கழுத்தை மட்டுமே சான்றாகக் கொண்டு இந்திய மரபின் தாக்கத்தை நிறுவிவிட இயலாது. மேலும், அன்னம் பாலையும் நீரையும் பிரித்தறியும் விவேகத்தின் குறியீடு; தியாகத்தின் குறியீடு அன்று. 'கூழைக்கடா' பறவையியல் நோக்கில் சரியான பெயர். வேடந்தாங்கலை அறிந்த தமிழருக்கு அப்பறவை புதிதன்று. எனினும் அப்பெயர் ஏரியையும் மீனையுமே நினைவூட்டும். 102ஆம் சங்கீதத்தில் 1611ஆம் ஆண்டின் ஆங்கில விவிலியம் பெலிக்கன் என்னுமிடத்தில் தமிழ்ப் பழைய திருப்புதல் 'நாரை' என்கிறது. பாழிடத்துத் தனிமையைச் சொல்லும் அவ்விடத்திற்கு நாரை பொருந்தும். குருதி ஊட்டும் பறவைக்குப் பொருந்தாது.

எனவே 'பெலிக்கன்' என ஒலிபெயர்த்து, 'தன் குருதியால் குஞ்சுகளைக் காப்பதாகக் கருதப்பட்ட பறவை' என விளக்கம் சேர்ப்பதே ஏற்புடையது. இதனால் குறிப்பு ஒரு வரி நீளும்; ஆயினும் பொருள் சிதையாது. அன்னம் என்று எழுதினால் குறிப்பு சுருங்கும். ஆனால் மடத்துக் கன்னியர் எதை வணங்கினர் என்பது மறைந்துபோகும். வணங்கியோர் எவரும் எஞ்சாத இடத்தில், அப்பொருளின் நினைவைக் காக்கும் கடமை சொல்லுக்கே உரியதாகிறது.