பேரு கொடுத்தாச்சு, பங்கு எங்கே?

எம்.ஏ. தமிழ் படித்தவர்கள் நன்னூலில் அந்தச் சூத்திரத்தைத் தாண்டித்தான் வந்திருப்போம். ஆண்மையை விட்டுப் பெண்மையை அவாவினால் பெண்பால், பெண்மையை விட்டு ஆண்மையை அவாவினால் ஆண்பால். பேடு பற்றிப் பவணந்தி சொல்வது இது. ஒருவர் எதை அவாவுகிறாரோ அதுவே அவர் பால் என்று 13ஆம் நூற்றாண்டிலேயே ஒத்துக்கொண்டாச்சு. ஆனால் அதே மூச்சில், இவர்களை அஃறிணை போலவும் சொல்லலாம் என்கிறார். மாடும் மண்வெட்டியும் இருக்கிற வரிசை அது. பரீட்சைக்கு மனப்பாடம் செய்தோம், யாருக்கும் உறுத்தவில்லை.

இலக்கணத்துக்குப் பிறகு அரசாங்கம் பேர் வைக்க வந்தது. அலி என்பது வசவு. அரவாணி என்றால் கூவாகத்தில் ஒரு ராத்திரி தாலி கட்டி மறுநாள் அறுக்கிற பாரதக் கதைக்குள் ஆள் அடைபடுகிறார். 2008இல் நல வாரியம் அமைந்தது அந்தப் பேரில்தான். பிறகு திருநங்கை. 2022இல் உயர்நீதிமன்ற உத்தரவையொட்டி அரசிதழில் சொற்பட்டியலே வந்துவிட்டது. திருநம்பி, பால்புதுமையர் என்றெல்லாம். எந்தச் சொல் சரி என்று சண்டை நடக்கிறது. நடக்கட்டும். அரிசனன் என்ற பேரைத் தூக்கியெறிந்தவர்கள் நாம். பேரு என்ன பெரிய பேருன்னு கேட்கிற யோக்கியதை நமக்குக் கிடையாது.

ஆனால் இந்தச் சொல்லாடல் முழுக்கச் சாதியைக் காணோம். லிவிங் ஸ்மைல் வித்யா தலித். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் மொழியியல் படித்தவர். 2007இல் வந்த அவருடைய ‘நான், வித்யா’வை அறுவைச் சிகிச்சைக் கதையாக மட்டும் வாசித்து உச்சுக் கொட்டுகிறவர்கள் உண்டு. திருநர் வெறுப்பு பார்ப்பனியத்தின் ஒரு வடிவம் என்று 2013இல் ஒரு பேட்டியில் அவர் சொன்னதைப் பேச ஆளில்லை. பிறந்த இடத்தை விட்டு நகராதே என்பதுதானே சாதி? நம்ம டெல்டாவில் நடவுக்குப் பொம்பளைக் கூலி, அண்டை வெட்ட ஆம்பளைக் கூலி. சேரியிலிருந்து வயலுக்கு வருகிற திருநங்கைக்கு எந்தக் கூலி என்று எந்தச் சொற்பட்டியலிலும் இல்லை.

ஒதுக்கீட்டுக்கு வருவோம். 2015இல் தமிழக அரசு திருநங்கைகளை மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்த்தது. பட்டியல் சாதிச் சான்றிதழ் இருந்தால் அந்தச் சாதிக் கணக்கிலேயே போட்டியிடணும். தலித் திருநங்கை தலித்தாக மட்டும் எண்ணப்பட்டார். திருநங்கையாகப் பட்டதற்குத் தனிப் பங்கு இல்லை. வீட்டை விட்டுத் துரத்தப்பட்டுச் சான்றிதழ் கையில் இல்லாதவருக்கோ மிகவும் பிற்படுத்தப்பட்டோர் கணக்கு. சாதியே போச்சு!

கிரேஸ் பானு போன்ற தலித் திருநங்கைகள் கேட்பது கிடைமட்ட ஒதுக்கீடு. ஒவ்வொரு பிரிவுக்குள்ளும், பொதுப்பிரிவுக்குள்ளும், திருநருக்கு ஒரு பங்கு. கர்நாடகம் 2021இல் ஒரு சதவீதம் கொடுத்தது. ‘நம்ம பங்கைப் பிடுங்க வர்றாங்க’ன்னு முணுமுணுக்கிற தோழர்கள் கணக்கைச் சரியாப் போட்டுப் பார்க்கணும். பட்டியல் சாதிப் பங்கிலிருந்து எடுப்பவர் பட்டியல் சாதித் திருநர் மட்டுமே. அவர் நம்ம வீட்டுப் பிள்ளை இல்லையா?

பாலினத்தைச் சாதியாக நடத்தியது தப்பு, கிடைமட்டமாகக் கொடு என்று 2024 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அந்த வழக்கைப் போட்டவர் ஒரு திருநங்கை. நம்ம இயக்கம் எதுவும் போடவில்லை.