லாம்பியை லாம்பியாகவே விடுங்கள்

திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கி மெயின்கார்டு கேட் பக்கம் நடந்தால், கடைவாசல் வண்டிகளுக்கு நடுவே எப்போதாவது ஒரு பழைய பஜாஜ் சேத்தக் கண்ணில் படும். கால் வைக்கும் இடத்தில் மூட்டை, பக்கவாட்டுத் தகட்டில் துரு. ஓட்டுகிறவருக்கு அது பிழைப்புக்கான வண்டி. சேகரிப்பாளருக்கோ தேடி அலைந்து வாங்கும் பொருள். பழைய வண்டி சேர்க்கும் இந்தப் பழக்கம் எதைக் காப்பாற்றுகிறது, எதை அழிக்கிறது என்று நிதானமாகப் பார்க்க வேண்டிய நேரம் இது.

ஐரோப்பாவில் இத்தாலிய இலகு ரக வண்டி சேர்ப்பவர்கள் மோட்டோ மோரினி, ஜிலேரா, டுகாட்டி நிறுவனங்களின் சிறிய பைக்குகளைத் தேடுவார்கள். நம் ஊருக்கு இத்தாலி வந்தது ஸ்கூட்டர் வழியாக. பியாஜியோவின் வெஸ்பா 1946-இலும், மிலான் நகரத்து இன்னொசென்ட்டி ஆலையின் லாம்ப்ரெட்டா 1947-இலும் வெளிவந்தன. பம்பாயில் 1949-இல் தொடங்கிய ஏ.பி.ஐ. நிறுவனம் லாம்ப்ரெட்டாவை இங்கேயே தயாரித்தது. சேப்பாக்கம் மைதானம் யார் பெயரைத் தாங்கி நிற்கிறதோ, அந்த எம்.ஏ.சிதம்பரத்தின் குழுமத்துக்குப் பின்னாளில் அது கைமாறியது. பெயர் உரிமைச் சிக்கல் எழுந்தபோது வண்டி ‘லாம்பி’ ஆயிற்று. பியாஜியோ உரிமத்தில் வெஸ்பா செய்துவந்த பஜாஜ், 1971-இல் உரிமம் முடிந்ததும் அடுத்த ஆண்டே சேத்தக்கை இறக்கியது. அதே 1972-இல் இந்திய அரசு இன்னொசென்ட்டியின் ஸ்கூட்டர் எந்திரங்களையே விலைக்கு வாங்கி, லக்னோவில் ஸ்கூட்டர்ஸ் இந்தியா நிறுவனத்தைத் தொடங்கியது. விஜய் சூப்பர் அங்கிருந்து வந்த வண்டி.

சேகரிப்பின் பெரிய நன்மை, இந்த வண்டிகளோடு ஒரு தொழிலறிவும் பிழைத்திருப்பது. லாம்ப்ரெட்டாவின் எலும்பு ஒரு குழாய்ச் சட்டம். தகடுகள் அதன்மேல் மாட்டியவை. பக்கத் தகட்டைக் கழற்றினால் நடுவில் உட்கார்ந்திருக்கும் 148 சிசி என்ஜின் முழுதாகத் தெரியும். வெஸ்பாவுக்குத் தனிச் சட்டமே கிடையாது. உடல் தகடே சட்டம், என்ஜின் வலப்பக்கம். வேட்டியும் புடவையும் கட்டியவர்கள் சங்கடமின்றி ஏறி உட்கார்ந்து, உடையில் எண்ணெய் படாமல் காவிரிப் பாலம் கடந்து ஸ்ரீரங்கம் போக முடிந்ததற்குக் காரணம், கால் வைக்க முன்னால் இடம் விட்டு என்ஜினைத் தகட்டால் மூடும் இந்த வடிவமைப்புதான். பாயின்ட் இடைவெளியைக் கண்ணால் அளந்து வைக்கவும், போர் எடுத்து பிஸ்டன் பொருத்தவும் தெரிந்த மெக்கானிக்குகளுக்கு இன்று வேலை கொடுப்பவர்களில் முக்கியமானவர்கள் சேகரிப்பாளர்கள். ஆலைகள் கைவிட்டதை இவர்கள் கைவிடவில்லை. அந்தப் பெருமை அவர்களுக்கு உண்டு.

குறைகளும் அதே ஆர்வத்திலிருந்துதான் முளைக்கின்றன. ஒரு நல்ல வண்டி வேண்டும் என்று மூன்று வண்டிகளைப் பிரித்து, மிச்சத்தைக் காயலான் கடைக்கு அனுப்புகிறார்கள். சேர்த்த வண்டியை ஓட்டாமல் போர்த்தி வைத்தால் ஆயில் சீல் காய்ந்துபோகும். பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். அது ஈரத்தை இழுக்கும், டேங்க் துருப்பிடிக்கும், பழைய ரப்பர் குழாய் பாழாகும். ஓட்டினால் வேறு சிக்கல்: டூ-ஸ்ட்ரோக் என்ஜின் பெட்ரோலோடு ஆயிலையும் எரிக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஒரு சுற்று என்பது ஊர்க் காற்றுக்குப் பெரிய கேடில்லைதான். ஆனாலும் சித்திரை வீதியில் பின்னால் நடந்து வருபவர் அந்தப் புகையைத்தான் சுவாசிக்கிறார்.

இவற்றைவிடப் பெரிய கேடு, இந்திய வண்டிக்கு இத்தாலிய வேடம் போடுவது. லாம்பியின் பெயர்த் தகட்டை நெம்பி எடுத்து, திருகு துளைகளைப் பட்டி வைத்து அடைத்து, பெயின்ட் அடித்து, அதன்மேல் புதிதாக அச்சிட்ட இன்னொசென்ட்டி முத்திரையைப் பதிக்கிறார்கள். வெளிநாட்டில் விற்கவும் இந்த ஒப்பனை பயன்பட்டது. இந்தியாவிலிருந்து போன ஸ்கூட்டர்கள் பலவற்றில் பளபளப்புக்கு அடியில் ஒட்டுப்போட்ட தகடும் பட்டியும் இருந்ததால், பிரிட்டனில் அவற்றுக்குக் கெட்ட பெயர்தான் மிஞ்சியது.

இந்த வேடத்தால் இழப்பு நமக்கே. இத்தாலியில் செய்த லாம்ப்ரெட்டாவைக் காக்க அங்கே ஆள் இருக்கிறார்கள். லாம்பியையும் விஜய் சூப்பரையும் காக்க வேண்டியவர்கள் நாம் மட்டுமே. மிலானில் 1971-இல் நின்றுபோன ஸ்கூட்டர் அதன்பிறகும் பல்லாண்டுகள் பம்பாயிலும் லக்னோவிலும் உற்பத்தியானது உலக வாகன வரலாற்றின் முக்கியமான பக்கம். பட்டி வைத்து அதை மூடுபவர் தன் சேகரிப்பின் மதிப்பைத் தானே குறைத்துக்கொள்கிறார்.

சட்டமும் இதே திசையைத்தான் காட்டுகிறது. 2021-இல் வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தம், முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த வண்டிகளை விண்டேஜ் வாகனமாகப் பதிய வழிசெய்தது. ‘விஏ’ வரிசையில் தனி எண். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். வண்டி அதன் மூல வடிவில், பெரிய மாற்றமின்றி இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. முதல் சேத்தக்குகள் 2022-இல் ஐம்பதைத் தொட்டன. 1975-இல் உற்பத்தி தொடங்கிய விஜய் சூப்பரின் முறை இப்போது. லாம்பி அடுத்து வரிசையில் நிற்கிறது. இந்தியப் பெயர் தாங்கிய ஸ்கூட்டர்கள் விண்டேஜ் தகுதிக்கு வந்து சேரும் ஆண்டுகள் இவை. இந்த நேரத்தில் செய்யும் ஒப்பனையைப் பிறகு திருத்த முடியாது.

ஆகவே பழைய ஸ்கூட்டர் சேர்ப்பது போற்றத்தக்க பழக்கம்தான், சில கட்டுப்பாடுகளோடு. ஆலையில் வைத்த பெயரை மாற்றக் கூடாது. உறுதியாக இருக்கும் பழைய பெயின்ட்டைச் சுரண்டக் கூடாது. மாற்றிய பாகம் எது, மாற்றிய மெக்கானிக் யார் என்று ஆர்.சி. புத்தகத்தோடு ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். கண்காட்சி நடத்துபவர்கள் பளபளப்புக்குத் தரும் மதிப்பெண்ணை இந்த நோட்டுக்குத் தரத் தொடங்கினால், வண்டிகளோடு அவற்றின் வரலாறும் நம் கையில் நிற்கும்.